விராலும் அதற்கிசைந்த துணை மீன்களும்

ஆடி, ஆவணியில் குளத்திற் கெண்டைக் குஞ்சுகளை விட்டுத் தை மாதத்தில் வலை இழுக்கும் நிலச்சுவான்தார் சிலருக்கு, எண்ணி விட்டவற்றிற் பாதியும் அகப்படாமல், விடாத விரால்கள் பத்துப் பதினைந்து கொழுத்து அகப்படுவதுண்டு. குஞ்சுகளைத் திருடியவர் யாரென அண்டையாரைச் சந்தேகிப்பது வழக்கம். திருடர் குளத்திலேயே இருந்தனர் என்பது பின்னரே விளங்கும். ஆயினும் விரால், கெண்டையினும் உயர்ந்த விலை பெறுவது, முள் குறைந்தது, உயிருடன் சந்தைக்குக் கொண்டுபோகத் தக்கது. ஆகையால் அதனை அறவே ஒழிப்பதா, தக்க துணையுடன் வளர்ப்பதா என்பது ஆலோசிக்கத் தக்கதாகும்.

கெண்டையை மட்டும் வளர்க்க விரும்புவோர் குளத்தை வற்றவைத்தல் மாத்திரம் போதாது. விரால் ஈரச் சேற்றிற் புதைந்து கிடந்து, புது வெள்ளம் வந்ததும் வெளிப்படும். வற்றாத குளமாயின், சராசரி ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏக்கர் ஒன்றுக்கு ஏறக்குறைய 1,000 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துத் தெளித்தால் பழைய மீன்கள் யாவும் மடியும். மூன்று வாரங்கள் கழிந்த பின்னரே புதுக் குஞ்சுகளை விடலாம். அதுவரையிற் கால்நடைகளை அந்நீரில் இறக்கலாகாது.

இனி, கொன்றுண்ணும் மீன்களைச் சேர்த்து வளர்ப்பதற்குரிய விதி யாதெனில், ஒன்றன் வாயில் மற்றொன்று புகாதிருக்க வேண்டும் என்பதே. இம்மீன்கள் இரையைக் கடித்து மெல்லுவதில்லை, முழுமையாகவே விழுங்குகின்றன. ஒரே தாய் ஈன்ற விரால் குஞ்சுகளிலும், சற்றே முந்தி வளர்ந்தது பிந்தியதை விழுங்கிவிடும். ஆதலால் குஞ்சுகளை அளவு பார்த்துப் பிரித்து விடுதல் முதல் வேலை. விரல் நீள விராலுடன், ஒரு சாணுக்குக் குறையாத கட்லா, ரோகு ஆகியவற்றை விடலாம். இவை விராலுக்கு முன்னரே பருத்துவிடுவதால் அதன் வாய்க்கு எட்டா. சாண் விராலுள்ள குளத்தில் விரல் நீளக் கெண்டையை விடுபவர் விராலுக்கு விருந்து வைப்பவரே யாவர்.

விராலுக்கு மிகவும் பொருந்திய துணை, ஜிலேபிக் கெண்டை என்று சொல்லலாம். 1952-ல் மண்டபத்திற்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன், குஞ்சுகளை வாயில் அடைகாத்து அடிக்கடி பெருகுவதால், குளம் முழுவதும் உள்ளங்கையளவு மீன்களே நிறைந்து, ஒன்றும் விலை போகாமற் போகிறது. விரால் அக்குஞ்சுகளைத் தின்று தானும் வளரும். எஞ்சிய ஜிலேபியும் பருக்கும். ஒரே குளத்தில் இரண்டு தொல்லைகள் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன.

வாளையை விராலுடன் சேர்த்தல் கூடாது. அதன் வாய்ப்பிளப்பு கண்ணுக்கும் பின்னே செல்வது. ஒரு மீட்டருக்கு மேலும் வளர்வது. நடுத்தர விரால் அதற்கு இரையேயாகும்.

கொடுவா மற்றொரு வகை. உப்பங்கழியிலும் கடலிலும் இனம் பெருக்கி, நன்னீரிலும் வளரும் இம்மீன் குளத்திற் குஞ்சு பொரிப்பதில்லை யாதலால், விட்ட கணக்கு மிகாது. ஆனால் அது செவுள்களாலேயே மூச்சு விடுவது. கோடையில் நீர் குறைந்து கலங்கியதும் முதலில் இறப்பது அதுவே. விராலோ மேலே வந்து காற்றை உட்கொள்வதால் அந்நீரிலும் பிழைத்திருக்கும். (வலையில் நீர்மட்டத்திற்குக் கீழ் சிக்கிய விரால், காற்றுக்கு வழியின்றி மூச்சடைத்து இறப்பதும் இதனாலேயே.) கோடையிலும் ஆழம் குறையாத குளமுடையோர் கொடுவாவைத் தனியே வளர்க்கட்டும், இரண்டையும் கலப்பதில் லாபமில்லை.

மழைக்காலத்தில் விரால் ஜோடி, கரையோரப் புல்லிடையே முட்டையிட்டு, செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துத் திரியும். அச்சமயத்திற் காவலிருக்கும் விராலைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது எளிது. பிடித்த அன்றே குஞ்சுக் கூட்டம் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். ஒரு மீனுக்காக நூற்றுக்கணக்கானவற்றை இழக்கும் இவ்வழக்கத்தைக் குளத்துக்குடையோர் தடுப்பது நன்று.

வீட்டிற் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்திருப்போருக்கும் இவ்விதிகளே பொருந்தும். தொட்டியை இறுக மூடி, மூடிக்கும் நீருக்கும் இடையே காற்றுக்கு இடம் விட வேண்டும்; விரால் தாவக் கூடியது.

ஆப்பிரிக்கக் கெளுத்தி விரைவில் வளர்கிறதென்று அதனை நாடுவோர் சிலருளர். இம்மீனை வளர்த்தல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. வெள்ளத்தில் ஒருமுறை வாய்க்காலில் நழுவினால், ஆற்றிலும் ஏரியிலும் உள்ள நாட்டு மீன்களை அது அழிக்கும். திரும்பப் பிடிக்க வழியில்லை. பொதுக் குளங்களைக் குத்தகைக்கு விடுகையில், குத்தகைதாரர் எந்தக் குஞ்சை விடுகிறார் என்பதைக் கிராம அதிகாரிகள் குஞ்சு இறங்கும் நாளிலேயே நேரிற் பார்த்து அறிதல் அவசியம். விரால் விட்ட குளத்திற்கும், ஐப்பசி மழைக்கு முன் கலிங்கிலும் மதகிலும் நெருக்கமான வலை கட்ட வேண்டும். மழையிரவில் ஈரக்கரை மீது ஊர்ந்து அடுத்த வயலை அடைவது விராலுக்குப் புதிதன்று.