கல் இருக்கிற கிட்னிதான் வேணும்!

சித்திரை மாச வெயிலில் சிதம்பரம் மேல வீதியில் ஒரு நடை போய் வாருங்கள். சட்டை தொப்பலாகிவிடும். தண்ணீர் பாட்டில்? அது ஆபீஸ் மேஜையிலேயே இருக்கும்! இப்படியே வருஷக்கணக்கில் ஓட்டினால், ஒருநாள் நடுராத்திரியில் இடுப்பைப் பிடிக்கும் பாருங்கள் ஒரு வலி... விடிந்ததும் யாராவது ஒரு மாமா வாழைத்தண்டோடு வந்து நிற்பார்.

சில கற்கள் வலிக்காமலே குடியிருக்கும். அங்கேதான் சிக்கல்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தம்பிக்கு இரண்டு கிட்னியும் அவுட். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். 'நான் தர்றேன்டா' என்கிறார் அண்ணன். 1994 சட்டப்படி கிட்னியை விற்பதுதான் குற்றம். கூடப்பிறந்தவர் தானம் தரலாம். டெஸ்ட்டெல்லாம் பொருந்துகிறது. கடைசியில் ஸ்கேனில், இடது கிட்னியில் மிளகு சைஸுக்கு ஒரு கல்!

முன்பெல்லாம், 'வேற ஆளைப் பாருங்க' என்று பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். இப்போது, திரும்பத் திரும்பக் கல் உண்டாக்கும் கோளாறு அண்ணன் உடம்பில் இருக்கிறதா என்று துருவிப் பார்க்கிறார்கள். இல்லையென்றால் பச்சைக்கொடி காட்ட வாய்ப்புண்டு.

'டாக்டர், நல்ல கிட்னியையே தம்பிக்கு எடுங்க' என்பார் அண்ணன். டாக்டர் மாட்டேன் என்பார். கல் இருப்பதைத்தான் எடுப்பார்! மிச்சக் காலத்தை ஒற்றைக் கிட்னியோடு ஓட்டப் போகிறவர் அண்ணன். அதில் கல் அடைத்தால் ஸ்பேர் ஏது? கொடுத்தவருக்கே நல்லது மிஞ்ச வேண்டும் என்கிற இந்த நியாயம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அப்போ தம்பி தலையில் சொத்தையா? இல்லை சார். வெளியே எடுத்த கிட்னிக்குள் குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி ரத்தத்தைக் கழுவி, ஐஸில் வைக்கிறார்கள். ஜில்லென்று இருந்தால் சில மணி நேரம் தாங்கும். அதற்குள் சிறுநீர்க்குழாய் வழியாக, கேமரா வைத்த சன்னமான குழாயை நுழைத்து, குட்டிக் கம்பிக் கூடையால் கல்லைக் கவ்வி இழுக்கிறார்கள். பெரிய கல்லா? லேசரால் உடைத்துப் பொறுக்குகிறார்கள். ரிஸ்ட் வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்து ரிப்பேர் பார்ப்பது போலத்தான். அப்புறம் தம்பியின் அடிவயிற்றில் பொருத்துகிறார்கள்.

வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்துவிட்டது. சிதம்பரத்துக்காரர்களுக்கு இன்னும் பக்கம், பாண்டிச்சேரி ஜிப்மர்.

மிகச் சின்னக் கல் என்றால் சில டாக்டர்கள் அப்படியே விட்டுவிட்டுக் கவனிப்பதும் உண்டு. ஆனால் ஒரு வில்லங்கம்: பொருத்திய கிட்னிக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும். கல் அடைத்தாலும் அந்த நடுராத்திரி வலி வராது. சிறுநீர் குறைந்த பிறகுதான் விஷயமே தெரியும். அதனால் தம்பி, வலிக்கட்டும் என்று காத்திராமல், டாக்டர் சொன்ன தேதியில் ஸ்கேனுக்குப் போயாக வேண்டும்.