கொரோனா காலத்தில் காத்திருந்த உயிர்கள்



கொரோனா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது முகக்கவசம், கபசுரக் குடிநீர், குழுக் கூட்டம் போட முடியாமல் தவணை தள்ளிப்போனது, இவைதான். அந்த நாட்களில் சிலர் சத்தமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். கிட்னி செயலிழந்து, கல்லீரல் கெட்டு, மாற்று உறுப்புக்காகப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தவர்கள் அவர்கள். கொரோனா தொற்றாமலே கொரோனாவால் பாதிக்கப்பட்டவர்கள். அது எப்படி என்று இந்த மடலில் பார்ப்போம்.

உறுப்பு இரண்டு வழியில் கிடைக்கிறது. உயிரோடு இருக்கும் நெருங்கிய உறவினர் ஒரு சிறுநீரகத்தையோ கல்லீரலில் ஒரு பகுதியையோ தருவது ஒன்று. மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தார் சம்மதித்துத் தருவது மற்றொன்று. இதயமெல்லாம் இரண்டாவது வழியில்தான் கிடைக்கும்.

"மூளைச்சாவுன்னா கோமா மாதிரிதானே, பொழைச்சு வர வாய்ப்பு இருக்குமே?" என்று கூட்டங்களில் பலரும் கேட்கிறார்கள். இல்லை சகோதரிகளே. கோமாவில் மூளைக்கு உயிர் இருக்கும், சிலர் திரும்பி வருவதும் உண்டு. மூளைச்சாவில் மூளை அடியோடு செத்துவிடுகிறது. வென்டிலேட்டர் என்ற மூச்சு இயந்திரம் ஓடுவதால் கொஞ்ச நேரம் இதயம் துடிக்கிறது, அவ்வளவே. இதை ஒரு டாக்டர் மட்டும் சொல்லிவிட முடியாது. நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துக் கையெழுத்திட வேண்டும். 1994-ம் ஆண்டு வந்த உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் உள்ள விதி இது.

நம் தமிழ்நாட்டில் 2008 முதல் இதற்கென்று அரசின் ஏற்பாடு ஒழுங்காக நடந்து வருகிறது. 2019-ல் மூளைச்சாவு அடைந்த 120-க்கும் மேற்பட்டவர்களின் குடும்பங்கள் உறுப்புகளைத் தந்தன. 2020-ல் அது 55 ஆகச் சரிந்தது. 2021-ல் 60. ஒருவர் தந்தால் நான்கைந்து பேர்கூடப் பிழைக்கலாம் என்னும்போது, எத்தனை பேருக்கு வாய்ப்பு போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் குறைந்தது? 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. சாலையில் வண்டி ஓடவில்லை, விபத்தும் குறைந்தது. தலையில் அடிபட்டு மூளைச்சாவு அடைகிறவர்களில் பலர் இருசக்கர வண்டி விபத்தில் சிக்கியவர்கள். விபத்து குறைந்ததற்காக வருத்தப்பட முடியுமா? முடியாது. ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டிலும் வென்டிலேட்டரும் கொரோனா நோயாளிகளுக்கே போதவில்லை. மூளைச்சாவு அடைந்தவரின் உடலை உறுப்பு எடுக்கும் வரை பராமரிக்கவும் அதே கட்டிலும் அதே இயந்திரமும் வேண்டும். தருபவருக்குக் கொரோனா இருக்கிறதா என்று சோதித்து, முடிவு வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உறுப்போ காத்திருக்காது. இதயத்தை எடுத்த சுமார் 4 மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். கிட்னி ஒரு நாள் வரை தாங்கும். உள்நாட்டு விமானமோ இரண்டு மாதம் பறக்கவே இல்லை.

இன்னொன்று, குடும்பத்தாரிடம் பேசுவது. பெற்ற பிள்ளையை இழந்து நிற்கிற தாயிடம் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துத்தான் இந்தப் பேச்சை எடுக்க முடியும். முகத்தை மூடி, ஆறடி தள்ளி நின்று எப்படிக் கேட்பது?

உறவினர் தர முன்வந்த ஆபரேஷன்களும் பல இடங்களில் தள்ளிப்போயின. காரணம் நியாயமானதே. மாற்று உறுப்பு பொருத்தியவர், உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். அந்த நிலையில் கொரோனா வந்தால் ஆபத்து அதிகம். தடுப்பூசி போட்டாலும் மற்றவர்களுக்கு வேலை செய்த அளவு அவர்களுக்குச் செய்வதில்லை.

ஆபரேஷன் தள்ளிப்போனால் டயாலிசிஸ் தொடர வேண்டும். வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை. பஸ் கிடையாது, மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும், காருக்கு வாடகை கொடுக்கக் காசில்லை. வேலையும் இல்லாமல் செலவும் ஏறினால் குடும்பம் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லவா வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர், சுகர் மாத்திரையோடு வயிற்று வழியாகச் செய்யும் டயாலிசிஸுக்கான பைகளும் வீட்டுக்கே வருகின்றன. வீடு வீடாகப் போகிற தன்னார்வலர்கள் நம் குழுச் சகோதரிகளே என்பதில் நமக்குப் பெருமை. கிட்னி கெடுவதற்குப் பெரிய காரணமே பிரஷரும் சுகரும்தான் என்பதால் அந்த மாத்திரையை இடையில் நிறுத்தாதீர்கள்.

இங்கே கசப்பான ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கடன் கழுத்தை நெரிக்கும்போது தரகர் வருகிறார். "ஒரு கிட்னி போதும்மா, இன்னொண்ணு சும்மாதானே இருக்கு" என்பார். 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியில் விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் இப்படிக் கிட்னி வாங்கியது வெளியே வந்தது. விற்றவர்கள் மீண்டார்களா? சென்னையில் கிட்னி விற்ற 305 பேரிடம் கேட்ட ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. 100-க்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். 74 பேருக்குக் கடன் அப்படியே நின்றது. 86 பேர் உடம்பு முன்னைப் போல் இல்லை என்றார்கள். குடும்ப வருமானமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சட்டப்படி வாங்குபவர், தரகர், விற்பவர் எல்லோரும் குற்றவாளிகளே. 5 முதல் 10 ஆண்டு ஜெயில், 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். இப்படிப் பேச்சு வந்தால் குழுவில் வாய்விட்டுச் சொல்லுங்கள். உள்கடனில் ஏதாவது வழி பார்க்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிட்னி, கல்லீரல் மாற்று ஆபரேஷனும் டயாலிசிஸும் சேர்ந்திருக்கின்றன. முதலில் அந்த அட்டையை எடுங்கள்.

ஒரு கணக்கு எங்களை உறுத்துகிறது. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்று ஆபரேஷன்களில் ஆண்களுக்கு 29,695. பெண்களுக்கு 6,945. உயிரோடு தருகிறவர்களிலோ பெண்கள்தான் அதிகம். கொடுக்கும்போது மனைவி, அம்மா. வாங்கும்போது மட்டும் "அவளுக்கு எதுக்கு அவ்வளவு செலவு" என்கிற வீடுகளை நாம் பார்க்காமலா இருக்கிறோம்?

கொரோனா ஓய்ந்த பிறகு நிலைமை தேறியது. தமிழ்நாட்டில் 2022-ல் 156 பேர், 2023-ல் 178 பேர், 2024-ல் 268 பேரின் குடும்பங்கள் தானம் தந்தன. தானம் தந்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தார்.

18 வயதான யாரும் உறுப்பு தானத்துக்குப் பெயர் பதியலாம். ஆனால் அட்டையை பீரோவில் பூட்டி வைத்தால் போதாது. அந்த நேரத்தில் குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால்தான் உறுப்பு எடுப்பார்கள். வீட்டுக்காரர், பிள்ளைகள், மாமியார் எல்லோர் காதிலும் போட்டு வையுங்கள். "உடம்பைச் சிதைச்சுக் கொடுப்பாங்களாமே" என்பார்கள். மற்ற ஆபரேஷன் மாதிரியே தையல் போட்டு, முகம் பார்க்கும்படிதான் தருவார்கள். உறுப்பு எடுக்கிற செலவையும் தருகிற குடும்பத்திடம் கேட்கக் கூடாது.