‘அனிமல் ஹவுஸ்’ ஃபேபர் காலேஜ் எங்கே இருக்கிறது தெரியுமா?

1978-ல் வெளியாகி அமெரிக்காவையே வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த காலேஜ் காமெடி ‘அனிமல் ஹவுஸ்’. அதில் வரும் ஃபேபர் காலேஜை வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. கதைக்காக உருவான காலேஜ் அது! ஆனால், படம் எடுத்த இடங்கள்? அத்தனையும் நிஜம்!

‘நோ’ சொன்னவரே ‘யெஸ்’ சொன்னார்!
கதையைப் படித்ததும் பல பல்கலைக்கழகங்கள் கதவைச் சாத்திவிட்டன. துணிந்து அனுமதி தந்தவர் யூஜின் நகரில் உள்ள ஆரிகன் பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் பாய்ட். ஏன் தெரியுமா? முன்பு கலிஃபோர்னியாவில் வேலை பார்த்தபோது, அவருடைய பல்கலைக்கழகத்தில் படமெடுக்க வந்த ஒரு குழுவைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் படம் எது? உலகப் புகழ்பெற்ற ‘தி கிராஜுவேட்’! அதே தப்பை இன்னொரு முறை செய்வாரா பாய்ட்?

டீன் அறை யாருடையது?
படத்தில் வரும் கடுகடு டீன் வார்மரின் ஆபீஸ் செட் அல்ல. பாய்டின் சொந்த அலுவலகம்! ஆனால் ஒரு நிபந்தனை: பல்கலைக்கழகத்தின் பெயர் திரையில் வரக் கூடாது!

ஒரு செங்கல் 5 டாலர்!
படத்தில் கலாட்டா மாணவர்கள் தங்கும் டெல்டா ஹவுஸாக நடித்தது பாழடைந்து கிடந்த ஒரு பழைய வீடு. உள்ளே நடக்கும் காட்சிகள் பலவற்றை எடுத்தது எங்கே தெரியுமா? பக்கத்தில் இருந்த மாணவர் விடுதிகளில்! 1986-ல் டெல்டா வீட்டை இடித்தபோது அதன் செங்கற்களை ஒவ்வொன்றும் 5 டாலருக்கு விற்றார்கள்! இன்று அங்கே ஒரு பாறையில் பதித்த வெண்கலப் பலகைதான் அடையாளம்.

சாப்பாட்டுச் சண்டை எங்கே?
நடிகர் ஜான் பெலூஷி தட்டில் உணவைக் குவித்துக்கொண்டே வாயிலும் திணிப்பாரே, பிறகு சாப்பாட்டுச் சண்டையும் மூளுமே, அது பல்கலைக்கழகத்தின் எர்ப் மெமோரியல் யூனியனில் உள்ள ‘ஃபிஷ்போல்’ கேன்டீன். மாணவர்கள் தினமும் சாப்பிட்ட அதே இடம்!

பியானோவைக் காணோம்!
நடிகர்கள் தங்கிய ஹோட்டலின் வரவேற்பறையில் ஒரு பழைய பியானோ இருந்தது. திடீரென்று அது மாயம்! எங்கே போனது? ‘டி-டே’வாக நடித்த புரூஸ் மெக்கிலின் அறைக்கு! அதன்பின் பார்ட்டி எல்லாம் அங்கேதான்!

பேஸ் கிட்டார் வாசித்தவர் யார்?
இரவு விடுதிக் காட்சி எடுத்த டெக்ஸ்டர் லேக் கிளப் யூஜினுக்கு வெளியே, டெக்ஸ்டர் என்ற சிற்றூரில் இருக்கிறது. படத்தில் வரும் ஓட்டிஸ் டே இசைக்குழுவில் பேஸ் வாசித்த இளைஞரைக் கவனித்தீர்களா? பின்னாளில் கிராமி விருதுகளை அள்ளிய ராபர்ட் கிரே! டைட்டிலில் அவர் பெயரே கிடையாது!

ஆற்றில் விழுந்த ரயில்!
ஊரையே ரணகளமாக்கும் ஊர்வலக் கிளைமாக்ஸ் எடுத்தது காட்டேஜ் குரோவ் ஊரின் மெயின் ஸ்ட்ரீட்டில். இந்த ஊருக்கு சினிமா புதிதா? இல்லவே இல்லை! 1926-லேயே பஸ்டர் கீட்டன் ‘தி ஜெனரல்’ படத்துக்காக இதன் அருகே நிஜ ரயில் இன்ஜினைப் பாலத்தோடு ஆற்றில் கவிழ்த்தார்! இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை அந்த இரும்பு ஆற்றிலேயே கிடந்தது!

முதலீடு எவ்வளவு, வசூல் எவ்வளவு?
செலவு சுமார் 30 லட்சம் டாலர். அமெரிக்க வசூல் 14 கோடி டாலருக்கும் மேல்! 2001-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பிடித்தது. பாய்ட் சொன்ன ‘யெஸ்’ வீண்போகுமா? அன்று பெயரே வேண்டாம் என்ற பல்கலைக்கழகத்தின் ஆட்ஸன் ஸ்டேடியத்தில், படத்தில் வரும் ‘ஷவுட்’ பாட்டை ஒலிக்கவிட்டு ஆயிரமாயிரம் ரசிகர்கள் ஆட்டம் போடுகிறார்கள்!