பாலம் வர 36 ஆண்டுகள்: மல்கான்கிரி மலைத் தொகுதி எழுப்பும் கேள்வி

புதுதில்லி: மக்களவையில் பூஜ்ய நேரத்தில் எழுந்து பேசும் கிராமப்புற உறுப்பினர்களின் கோரிக்கைகளில், கட்சி வேறுபாடின்றி அடிக்கடி ஒலிக்கும் சொல் "சாலை". தலைநகரில் இருந்து கேட்பவர்களுக்கு அது சலிப்பூட்டும் பழைய பல்லவியாகத் தோன்றலாம். ஆனால் ஒடிசாவின் தென்கோடியில் உள்ள சித்ரகொண்டா சட்டப்பேரவைத் தொகுதியின் கதையை அறிந்தவர்களுக்கு, மருத்துவமனை, பள்ளிக்கூடம், ரேஷன் அரிசி, வாக்குச்சாவடி என அனைத்துமே அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன என்பது புரியும்.

நீர் சூழ்ந்த 151 கிராமங்கள்

மல்கான்கிரி மாவட்டத்தில் சிலேரு ஆற்றின் குறுக்கே, ஒடிசாவும் ஆந்திரப் பிரதேசமும் இணைந்து பலிமேலா அணையைக் கட்டின. 1960-களில் தொடங்கிய பணி 1970-களில் நிறைவு பெற்றது. நீர்த்தேக்கம் நிரம்பியபோது, மூன்று புறம் நீரும் ஒரு புறம் ஆந்திர எல்லையின் மலைக்காடுமாக 151 கிராமங்கள் சிக்கிக்கொண்டன. "துண்டிக்கப்பட்ட பகுதி" என்பதே அவற்றின் பெயராகிப்போனது. அங்கு வாழ்ந்த சுமார் 30 ஆயிரம் மக்களில் பெரும்பாலோர் பழங்குடியினர். மாவட்டத்தின் மற்ற பகுதிகளுக்குச் செல்ல அவர்களுக்கு இருந்த முக்கிய வழி படகு மட்டுமே.

நீர்த்தேக்கத்தைக் கடக்க ஒரு பாலம் வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்று, 1982-ம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் பணி நடக்கவில்லை. மாவோயிஸ்டுகளின் எதிர்ப்பும் அச்சுறுத்தலும் வலுத்ததால் ஒப்பந்ததாரர்கள் பின்வாங்கினர். இறுதியில் எல்லைப் பாதுகாப்புப் படையின் காவலுடன்தான் கட்டுமானம் நிறைவு பெற்றது. 910 மீட்டர் நீளமுள்ள குருபிரியா பாலத்தை, 2018 ஜூலை 26-ம் தேதி அன்றைய முதல்வர் நவீன் பட்நாயக் திறந்து வைத்தார். அடிக்கல்லுக்கும் திறப்பு விழாவுக்கும் இடையே கழிந்தவை 36 ஆண்டுகள். எட்டு சட்டப்பேரவைகள் அந்தக் காலத்தில் பதவி வகித்தன.

உறுப்பினரின் கையில் இருப்பது என்ன?

பாலத்துக்கான செலவு ரூ.187 கோடி. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியாக 2011-12 முதல் ஆண்டுக்கு ரூ.5 கோடி ஒதுக்கப்படுகிறது. வேறு எந்தப் பணிக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவிடாமல் சேர்த்து வைத்தாலும், இந்த ஒரு பாலத்தைக் கட்ட அவருக்கு 37 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சித்ரகொண்டா இடம்பெற்றுள்ள நபரங்பூர் மக்களவைத் தொகுதியில் ஏழு சட்டப்பேரவைத் தொகுதிகள் உள்ளன. சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் ரூ.71 லட்சம்.

ஆகவே, மலைத் தொகுதியின் உறுப்பினரால் கேட்க முடியும், கட்ட முடியாது. கேட்கும் குரலுக்கும் எண்ணிக்கை பலம் இல்லை. 147 உறுப்பினர்கள் கொண்ட ஒடிசா சட்டப்பேரவையில் மல்கான்கிரி மாவட்டத்துக்கு இரண்டே இடங்கள். பழங்குடியினரிலும் மிகவும் பின்தங்கிய பிரிவாக அறிவிக்கப்பட்ட போண்டா சமூகத்தில் இருந்து ஒருவர் முதன்முறையாக சட்டப்பேரவைக்குள் நுழைந்தது 2014-ம் ஆண்டில்தான். சித்ரகொண்டா தொகுதியில் வென்ற டம்பரு சிசாவே அவர்.

அச்சத்தின் எல்லைக்கோடு

சாலை இல்லாத இடத்துக்கு அதிகாரி செல்வதில்லை. சென்றவரும் பத்திரமாகத் திரும்புவது நிச்சயமில்லை என்ற நிலை இப்பகுதியில் நெடுங்காலம் நீடித்தது. 2008 ஜூன் 29-ம் தேதி பலிமேலா நீர்த்தேக்கத்தில் படகு தாக்கப்பட்டு, ஆந்திரத்தின் கிரேஹவுண்ட்ஸ் படையினர் உள்பட 38 பேர் உயிரிழந்தனர். 2011 பிப்ரவரியில், துண்டிக்கப்பட்ட பகுதிக்குச் சென்ற மாவட்ட ஆட்சியர் ஆர்.வினீல் கிருஷ்ணா, இளநிலைப் பொறியாளர் ஒருவருடன் கடத்தப்பட்டார். சென்னை ஐஐடியில் பயின்றவரான அவர், ஒரு வாரத்துக்குப் பிறகே விடுவிக்கப்பட்டார்.

மக்கள் பிரதிநிதிகளும் தப்பவில்லை. அண்டை மாவட்டமான கோராபுட்டில், லட்சுமிபூர் எம்எல்ஏ ஜினா ஹிகாகா 2012 மார்ச்சில் இரவு நேரத்தில் காரில் திரும்பியபோது கடத்தப்பட்டு, ஒரு மாதத்துக்கும் மேல் பிணையாக வைக்கப்பட்டார். ஏப்ரல் 26-ல் விடுவிக்கப்பட்ட அவர், 2014-ல் கோராபுட் தொகுதியில் இருந்து மக்களவைக்குத் தேர்வானார்.

இத்தகைய சூழலில் சாலை என்பது வெறும் தார்ப் பரப்பல்ல. அரசுக்கு அது படையைக் கொண்டு செல்லும் வழி. மாவோயிஸ்டுகளுக்கு அது தடுக்கப்பட வேண்டிய வழி. நடுவில் நின்ற கிராமவாசிக்கோ அது சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் வழி. மூவரில் கடைசியாக நிற்பவரின் தேவையைச் சொல்வதற்குத்தான் சட்டப்பேரவையில் ஓர் உறுப்பினர் தேவைப்படுகிறார்.

கட்டிலில் சுமந்த தாய்

2016-ம் ஆண்டின் பிற்பகுதியில் மல்கான்கிரி மாவட்டத்தில் மூளை அழற்சியால் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர். ஒரு பகுதி இறப்புகளுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் காரணம் எனக் கண்டறியப்பட்டது. மற்றவற்றுக்குக் காட்டுச் செடி ஒன்றின் நச்சு விதைகளை உண்டது காரணமாக இருக்கலாம் என, வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியின் முன்னாள் பேராசிரியர் டி.ஜேக்கப் ஜான் உள்ளிட்ட வல்லுநர்கள் சுட்டிக்காட்டினர். நோய்க்கும் நச்சுக்கும் சாலை காரணமல்ல. ஆனால் நினைவிழந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கும் பெற்றோருக்குக் கிலோமீட்டர் என்பது உயிரின் கணக்கு.

அடுத்த ஆண்டு அக்டோபரில், சித்ரகொண்டா பகுதியில் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கால் அவதிப்பட்ட ஒரு பெண்ணை, வாகனம் செல்ல வழியில்லாத நிலையில் அரசு மருத்துவர் ஒருவரே கணவருடன் சேர்ந்து கட்டிலில் வைத்துப் பல கிலோமீட்டர் தூரம் சுமந்து வந்தார். நாடு முழுவதும் அவரைப் பாராட்டியது. மருத்துவர் கட்டில் சுமக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்ற கேள்வி, அந்தப் பாராட்டில் அமுங்கிப்போனது.

எண்ணிக்கையில் தவறும் குக்கிராமங்கள்

2000 டிசம்பர் 25-ல் வாஜ்பாய் அரசு தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், இந்திய கிராமங்களின் முகத்தை மாற்றிய திட்டங்களில் ஒன்று என்பதில் ஐயமில்லை. சமவெளியில் 500 பேரும், மலை, பாலைவன, பழங்குடிப் பகுதிகளில் 250 பேரும் வசிக்கும் குடியிருப்புகளுக்குச் சாலை என்பது அதன் அடிப்படை விதி. தீவிரவாத பாதிப்புள்ள வட்டாரங்களுக்கு இந்த வரம்பு 100 ஆகக் குறைக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த நான்காம் கட்டத்தில், ரூ.70,125 கோடியில் 25 ஆயிரம் குடியிருப்புகளுக்கு 62,500 கி.மீ. சாலை அமைக்கத் திட்டமிடப்பட்டது.

சிக்கல் எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. சமவெளிக் கிராமம் ஓரிடத்தில் திரண்டிருக்கும். மலைக்கிராமமோ சரிவுக்குப் பத்து வீடு, ஓடைக்கு அப்பால் இருபது வீடு எனச் சிதறிக் கிடக்கும். 99 பேர் வாழும் குடியிருப்பு, விதிப்படி பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. மேலும், நான்காம் கட்டத்துக்கும் 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கே அடிப்படை. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், அதற்குப் பின் வளர்ந்த குடியிருப்புகள் வளராதவையாகவே கருதப்படுகின்றன. கணக்கில் வராத இந்தக் குடியிருப்புகளைப் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்க்க வாதாடுவதே மலைத் தொகுதி உறுப்பினரின் அன்றாட வேலையாக உள்ளது.

போட்ட சாலையைக் காப்பதும் பெரும் பாடு. இத்திட்டத்தில் ஒப்பந்ததாரரின் பராமரிப்புப் பொறுப்பு ஐந்து ஆண்டுகள். பிறகு மாநில அரசின் பொறுப்பு. மலைச்சரிவில் ஒரு பெருமழை கரையை அரித்துவிட்டால், அந்தக் கிராமம் மீண்டும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

துண்டிக்கப்பட்ட பகுதிக்கு இப்போது "ஸ்வாபிமான் அஞ்சல்" என்று பெயர். சுயமரியாதை மண்டலம் என்பது அதன் பொருள். பெயரை ஓர் அறிவிப்பில் மாற்றிவிடலாம். நீர்த்தேக்கத்தைக் கடக்கப் பாலமும் வந்துவிட்டது. பாலத்தின் மறுமுனையில் இருந்து கடைசிக் குடியிருப்பு வரை ஆம்புலன்ஸ் சென்று சேருமா என்ற கேள்வியுடன்தான் அத்தொகுதியின் உறுப்பினர், அவர் எக்கட்சியினராக இருந்தாலும், அவையில் எழுந்து நிற்கிறார். அதற்குப் பதில் சொல்ல இன்னொரு 36 ஆண்டுகளை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே அவரது கவலை.