மரப்பட்டையிற் படரும் இலைக்கன்கள்

தோடை, எலுமிச்சை மரங்களின் பட்டையிலே சாம்பல் நிறமாகவும் வெளிர்பச்சையாகவும் படை படர்ந்திருப்பதைக் கண்டு, நோயென அஞ்சிக் கத்தியாற் சுரண்டுவோர் வன்னியில் உளர். இது வேண்டாத வேலை. பட்டை காயப்பட்டால் உண்மையான நோய்க்கே வழி பிறக்கும்.

இப்படை இலைக்கன் எனப்படும். பங்கசும் அல்காவும் ஓருடலாய் இணைந்து வாழ்வதே இலைக்கனாகும். அல்கா சூரியவொளியில் உணவாக்கும். பங்கசு ஈரத்தைப் பிடித்து வைக்கும். மரத்திலிருந்து அது உணவு கொள்வதில்லை. இலை குறைந்து நலிந்த மரத்தின் பட்டையில் வெயில் கூடுதலாக விழுவதால் இலைக்கன் செழிக்கிறது. ஆகவே அது நலிவின் காரணமன்று, சிலவேளை அடையாளம். எருவிட்டு, காய்ந்த கொப்புகளை வெட்டி, வேர்ப்பகுதியைக் கவனித்தலே தக்கது.

வேரற்ற இவ்வுயிர் மழையிலும் காற்றிலுமுள்ள ஈரத்தையே நம்பியிருப்பதால் இடத்துக்கிடம் வேறுபடும். ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரத்திலுள்ள ஹோட்டன் சமவெளியில், முகில் தரும் ஈரத்தால், தாடி போன்ற இலைக்கன்கள் கிளைகளில் தொங்குகின்றன. தாழ்ந்து வரண்ட வன்னியிலோ பட்டையோடு ஒட்டிய பொருக்குவகையே மிகுதி. மலைநாட்டில் காடு தோட்டமாக மாறியவிடத்து இலைக்கன் இனங்களும் மாறுகின்றன.

வன்னிக் கமக்காரருக்கும் இக்குறிப்பு உதவும். பெரும்பாலான இலைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றரே வளரும். தீ அவற்றை அழித்துவிடும். ஆதலால் முதிர்ந்த பாலை, வீரை மரங்களில் அகன்ற படைகள் காணப்படுமாயின், அந்நிலம் நெடுங்காலம் எரியாததெனக் கருதலாம். சேனைக்காக எரித்தபின் எழுந்த பற்றைக்காட்டில் அத்தகைய படைகள் அரிது. எனினும் இளமரத்திலும் அடர்நிழலிலும் அவை இயல்பாகவே குறையுமாதலால், ஒரே இனத்து முதுமரங்கள் பலவற்றை ஒப்பிட்டே முடிவுசெய்தல் வேண்டும்.