மத்தாப்பின் பச்சையும் இதயத்தின் பொட்டாசியமும்

பட்டாசில் சிவப்பு வேண்டுமென்றால் ஸ்ட்ரான்சியம், பச்சை வேண்டுமென்றால் பேரியம். சாதாரணக் கம்பி மத்தாப்பிலும் அலுமினியப் பொடியும் இரும்புத் தூளும் பொரிந்து எரிய ஆக்சிஜன் கொடுத்துவந்தது பேரியம் நைட்ரேட்தான். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளர்களுக்கு அது பழகிய சரக்கு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. 2021 அக்டோபரில் அந்தத் தடையை மீண்டும் வலியுறுத்தியது. 2023 செப்டம்பரில், விலக்குக் கேட்டுப் போன உற்பத்தியாளர்களின் கோரிக்கையையும் ஏற்கவில்லை.

வழக்கு டெல்லியின் காற்றைப் பற்றியது. ஆனால் உடலியல் ஆய்வுக்கூடங்களுக்குப் பேரியம் வேறொரு காரணத்துக்காகப் பழக்கம். இதயச் செல்லின் பொட்டாசிய வாய்க்காலை அடைத்துப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே பல பத்தாண்டுகளாக எடுப்பது பேரியத்தைத்தான்.

இதயம் யாரும் ஏவாமலே துடிக்கும். வலது மேலறையிலுள்ள சைனஸ் முடிச்சு தாளம் போடுகிறது. நரம்புகளின் தலையீடே இல்லையென்றால் இளவயதில் அந்தத் தாளம் நிமிடத்துக்கு 100-ஐ ஒட்டியிருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70 ஆக இறங்கியிருப்பதற்கு வேகஸ் நரம்பே முக்கியக் காரணம். மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் இந்த நரம்பின் நுனியில் அசெட்டைல்கோலின் சுரக்கிறது. மணிக்கட்டில் விரலை வைத்து, மூச்சை மெதுவாக இழுத்து விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரையும், விடும்போது தணியும். வேகஸ் கூடிக் குறைவது அதில் தெரியும்.

இது எப்படி நடக்கிறது என்பதில் அறிவியல் சுற்றுவழியில்தான் வந்து சேர்ந்தது. 1908-ல் அமெரிக்காவில் ஹோவெல், டியூக் என்ற இருவர், வேகஸைத் தூண்டினால் இதயத்திலிருந்து பொட்டாசியம் அதிகமாகக் கசிகிறது என்று கண்டார்கள். 1921-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி ஒரு தவளையின் இதயத்தில் வேகஸைத் தூண்டி, அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை இன்னொரு இதயத்தில் விட்டார். அந்த இரண்டாவது இதயமும் தணிந்தது. நரம்பு பேசுவது வேதிப்பொருள் வழியாகத்தான் என்பது நிலைபெற்றது. அந்தப் பொருள் அசெட்டைல்கோலின் என்று பின்னர் தெளிவானது. 1936-ல் ஹென்றி டேலோடு சேர்ந்து லோவி நோபல் பரிசு பெற்றார். ஹோவெல் கண்ட பொட்டாசியம் பின்னுக்குப் போய்விட்டது. உண்மையில் இருவரும் பார்த்தது ஒரே நிகழ்ச்சியின் இரு முனைகள்.

இதயச் செல்லுக்குள் பொட்டாசியம் வெளியில் இருப்பதைப்போல 30 மடங்குக்கும் மேல். அசெட்டைல்கோலின் செல்லின் மேலுள்ள எம்-2 என்ற ஏற்பியில் அமர்ந்ததும், உட்புறம் காத்திருக்கும் ஜி-புரதம் இரண்டாகப் பிரிகிறது. அதில் பீட்டா-காமா என்ற துண்டு சவ்வின் ஓரமாகவே நகர்ந்து பக்கத்திலுள்ள பொட்டாசிய வாய்க்காலைத் திறக்கிறது. பொட்டாசியம் தன் நேர்மின்னூட்டத்தோடு வெளியேற, செல்லின் உட்புறம் மேலும் எதிர்மின் பக்கம் சரிகிறது. அடுத்த துடிப்பு தள்ளிப்போகிறது. இடைத்தரகர் யாரும் இல்லாததால் ஓரிரு துடிப்புக்குள்ளேயே விளைவு தெரிந்துவிடும். திறப்பது பீட்டா-காமாவா, ஜி-புரதத்தின் மற்றொரு துண்டான ஆல்பாவா என்று 1987-ல் டேவிட் கிளாப்பம் குழுவின் கட்டுரைக்குப் பின் சில ஆண்டுகள் காரசாரமாகவே சண்டை நடந்தது. பீட்டா-காமா வென்றது.

இங்கேதான் பேரியம் வருகிறது. பேரியம் அயனியின் பருமன் ஏறக்குறைய பொட்டாசியத்தினுடையதே, மின்னூட்டமோ இரண்டு. ஆகவே வாய்க்காலின் குறுகிய பகுதிவரை அது நுழைந்துவிடும், தாண்டிப் போகாது. சிவகாசிச் சந்துக்குள் நுழைந்து முட்டி நின்றுவிட்ட சரக்கு லாரிதான் அது. அசெட்டைல்கோலின் எவ்வளவு கூவினாலும் வழி திறக்காது. கீழறைச் செல்களை அமைதியாக வைத்திருக்கும் வேறொரு பொட்டாசிய வாய்க்காலையும் பேரியம் அடைப்பதால், தாமாகத் துடிக்கத் தேவையில்லாத செல்கள்கூடத் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும்.

உடல் முழுவதும் தசைகளில் இதே கதைதான். பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், வெளியேறும் வழி மூடியிருக்கும். அதனால் இரத்தத்தில் பொட்டாசியம் சரசரவென இறங்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு, வாயைச் சுற்றி மரமரப்பு, பிறகு கைகால் தளர்ச்சி, துடிப்புக் கோளாறு. சீனாவின் சிச்சுவான் பகுதியில் மக்களை முடக்கிப் போட்ட ஒரு வாத நோய்க்கு, சமையல் உப்பில் கலந்திருந்த பேரியமே காரணம் என்று 1940-களில் தெரியவந்தது. எக்ஸ்ரே எடுக்கக் குடிக்கச் சொல்லும் பேரியம் சல்பேட் கரையாது; அதனால் அது வந்த வழியே போய்விடும். கரையும் நைட்ரேட்டும் குளோரைடும்தான் விஷம். வானில் ஒரு பச்சைப் பூ வெடித்ததைப் பார்த்தவருக்கு இதயம் நின்றுவிடும் என்று மிரட்டுவதில் பொருளில்லை. கவலை, பொடியைக் கையால் அள்ளிவிட்டு அதே கையோடு சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பவரைப் பற்றியது. உருகிய பேரியம் உப்பு பட்ட தீக்காயத்தின் வழியாகவும் அது இரத்தத்தில் ஏறியதுண்டு.

தென்மாவட்ட அரசு மருத்துவர்களுக்கு இன்னொரு நஞ்சு மிகவும் பழக்கம்: ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து. அது அசெட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கும். சேர்ந்துபோன அசெட்டைல்கோலின் எம்-2 ஏற்பியை ஓயாமல் தட்டும், நாடி விழும். அட்ரோபின் போட்டால் ஏற்பி அடங்கும். பேரியத்திலும் தொடக்கத்தில் எச்சில் ஊறுதலும் வாந்தியும் பேதியும் உண்டு. ஆனால் அடைபட்டிருப்பது வாய்க்கால், அட்ரோபினால் அதைத் திறக்க முடியாது. தேவை, இரத்தத்தில் பொட்டாசியத்தை அளந்து சிரை வழியாக ஏற்றுவதும், விழுங்கியிருந்தால் சல்பேட் உப்புக் கொடுத்துப் பேரியத்தைக் குடலிலேயே கரையாப் பொருளாக்குவதும்.

தடை வந்த பிறகும் பழைய இருப்பும் திருட்டுத்தனமான பயன்பாடும் முற்றிலும் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். ஆலைப் போர்மேன்களும் வீட்டாரும் செய்ய வேண்டியது ஒன்றுதான். மருந்து அறையில் வேலை பார்த்தவர் வாந்தியோடோ தீக்காயத்தோடோ சிவகாசி அரசு மருத்துவமனைக்கோ விருதுநகர் மருத்துவக் கல்லூரிக்கோ போனால், எந்தப் பொடியில் கை வைத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பேரியம் என்றால் பேரியம் என்றே சொல்லுங்கள். பொட்டாசியத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.