மின்னணு வங்கித் திருட்டு: ஓர் அச்சுப்பொறி கற்பித்த பாடம்

கொள்ளைக்காரர்களைப் பற்றிய கதைகளில் இப்பொழுது ஒரு புதிய பாத்திரம் இடம்பெற்று வருகிறது. அவன் கையில் துப்பாக்கி இல்லை, கன்னக்கோலும் இல்லை. இருண்ட அறையில் கணிப்பொறியின் முன் அமர்ந்து, விரல்களைச் சில விநாடிகள் அசைத்து, எங்கோ உள்ள வங்கியின் செல்வத்தையெல்லாம் தன் கணக்கிற்கு மாற்றிக் கொள்கிறான். மர்ம நாவல்களிலும் திரைப்படங்களிலும் இக்காட்சி வாசகரின் மூச்சைப் பிடித்து நிறுத்தும். ஆனால் மெய்யாக நிகழ்ந்த திருட்டுகளை ஆராய்ந்தால், அவற்றில் மாயம் ஒன்றும் இல்லை என்பது புலனாகும். கணக்கு எழுதும் பழைய கலையில் ஏற்பட்ட சிறு பிளவுகளின் வழியாகவே திருடர்கள் நுழைந்திருக்கின்றனர். அவர்களைக் காட்டிக் கொடுத்ததும் அதே பழைய கலைதான். இதற்குச் சான்று தேட நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. காவிரிக் கரையிலுள்ள கும்பகோணமே போதும்.

கும்பகோணத்தில் நிகழ்ந்தது

1904ஆம் ஆண்டில் கும்பகோணம் பாங்க் லிமிடெட் என்ற பெயருடன் தொடங்கிய நிறுவனமே இன்றைய சிட்டி யூனியன் வங்கி. 2018 பிப்ரவரி 6ஆம் தேதியன்று, வெளிநாட்டுப் பணச் செய்திகளுக்கு வரும் ஒப்புகைகளைத் தாளில் பதித்துத் தரும் அச்சுப்பொறி அவ்வங்கியில் வேலை செய்யாமல் நின்றுவிட்டது. யந்திரங்களுக்கு இது இயல்பான நோய். சாதாரணக் கோளாறு என்றே கருதப்பட்டது. மறுநாள் காலையில் கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்த்தபோதுதான், வங்கி அனுப்பாத மூன்று பணக் கட்டளைகள் அதன் பெயரால் வெளிநாடுகளுக்குச் சென்றிருப்பது தெரியவந்தது.

முதற் கட்டளை 5 லட்சம் டாலருக்கானது. நியூயார்க் வழியாகத் துபாய்க்குச் சென்றது. இரண்டாவது 3 லட்சம் யூரோவுக்கானது; பிராங்க்பர்ட் வழியாகத் துருக்கிக்குச் சென்றது. மூன்றாவது 10 லட்சம் டாலருக்கானது. நியூயார்க் வழியாகச் சீனாவுக்குச் சென்றது. மொத்தத்தில் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். விஷயம் மறுநாளே வெளிப்பட்டதால் வங்கி உடனே எச்சரிக்கை அனுப்ப முடிந்தது. துபாய்க்குச் சென்ற தொகை தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது.

அச்சுப்பொறி தானாகப் பழுதாகவில்லை. திருடர்களே அதன் வாயை அடைத்திருந்தனர் என்பது பின்னர் விளங்கியது. திருடுவதற்கு முன் காவல் நாயை மயக்கும் பழைய தந்திரம் இது. இக்காலத்துக் காவல் நாய் ஓர் அச்சுப்பொறியாக இருந்தது என்பதே வேறுபாடு.

பணம் பயணம் செய்வதில்லை

இத்திருட்டின் தன்மையை அறிய, நாடுகளுக்கிடையே பணம் எவ்வாறு மாறுகிறது என்பதை அறிதல் வேண்டும். முன்னாளில் தந்தி மணியார்டர் அனுப்பியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சென்னையில் கட்டிய ரூபாய் நோட்டு கம்பி வழியாக மதுரைக்குப் போனதில்லை. போனது செய்தி மட்டுமே. மதுரைத் தபாலாபீஸ் தன் கையிருப்பிலிருந்து பணத்தைக் கொடுத்தது. பிறகு இரு ஆபீஸ்களும் தங்கள் கணக்கை நேர் செய்து கொண்டன.

உலக வங்கிகளிடையே அத்தகைய செய்திகளைச் சுமக்கும் அமைப்பு ஸ்விஃப்ட் எனப்படும். 1973இல் நிறுவப்பட்ட இதன் தலைமையகம் பெல்ஜியத்தில் உள்ளது. 200க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் 11,000க்கும் அதிகமான நிறுவனங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. நம் நாட்டு வங்கி ஒன்று நியூயார்க்கில் வேறொரு வங்கியிடம் தன் டாலர்களை இருப்பு வைத்திருக்கும். "எங்கள் கணக்கிலிருந்து இத்தொகையை இன்னாருக்குக் கொடுங்கள்" என்று ஸ்விஃப்ட் மூலம் செய்தி சென்றால், அவ்வங்கி அதன்படி செய்யும். எனவே திருடனுக்குப் பெட்டகத்தை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. செய்தி அனுப்பும் கணிப்பொறியில் புகுந்து, உரிய சிப்பந்தியின் கடவுச்சொல்லைக் கைப்பற்றி, அவர் எழுதுவதுபோலவே ஒரு செய்தியை எழுதினால் போதும்.

அவன் உள்ளே புகும் வழியும் பெரும்பாலும் எளியதே. 2016 ஜூலையில் யூனியன் பாங்க் ஆப் இந்தியாவில் சுமார் 17 கோடி டாலரைக் கவர முயற்சி நடந்தது. ரிசர்வ் வங்கியிடமிருந்து வந்ததுபோல் தோன்றிய ஒரு மின்னஞ்சலின் இணைப்பைத் திறந்ததே அதற்கு வாயிலாக அமைந்தது. கணக்கில் தோன்றிய வேறுபாடு உடனே கவனிக்கப்பட்டதால் அப்பணம் முழுவதும் மீட்கப்பட்டது.

டாக்காவில் இரண்டு பைட்டுகள்

கும்பகோணத்து நிகழ்ச்சிக்கு ஈராண்டுகள் முன்னதாக, 2016 பிப்ரவரி 4ஆம் தேதி இரவு, பங்களாதேஷ் நாட்டின் மத்திய வங்கியில் இதே தந்திரம் மிகப் பெரிய அளவில் கையாளப்பட்டது. நியூயார்க்கிலுள்ள பெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 பொய்க் கட்டளைகள் சென்றன. கோரப்பட்ட தொகை ஏறத்தாழ 95 கோடி டாலர். நாளைத் தேர்ந்தெடுத்ததிலும் சூழ்ச்சி இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, டாக்காவில் விடுமுறை. அடுத்த இரு நாட்கள் நியூயார்க்கில் விடுமுறை. திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு. பணம் சென்றடைந்த மணிலாவில் விடுமுறை. கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒருவரையொருவர் சந்திக்க இயலாத நான்கு நாட்கள் திருடர்களுக்குக் கிடைத்தன. அங்கும் அச்சுப்பொறி நின்றது. அங்கும் அதை வழக்கமான பழுது என்றே எண்ணினர்.

இதற்குப் பயன்பட்ட தீய நிரலை நிபுணர்கள் பின்னர் ஆராய்ந்தனர். கணிப்பொறி ஒரு சோதனையைச் செய்யும்போது, "விடை தவறாயின் வேறு வழியில் செல்க" என்ற கட்டளை ஒன்று அதன் நிரலில் இருக்கும். அக்கட்டளை இரண்டே பைட்டுகள் நீளமுள்ளது. திருடர்கள் அவ்விரு பைட்டுகளையும் அழித்து, அவற்றின் இடத்தில் "ஒன்றும் செய்யாதே" என்ற பொருளுடைய இரு பைட்டுகளை வைத்தனர். அதன்பின் சோதனை நடந்தது. ஆனால் எப்போதும் தேறியது. பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் கண்களை மூடிக்கொண்டு உலாவுவதற்கு இது ஒப்பாகும்.

இவ்வளவு நுட்பமாகச் செய்த காரியத்தைத் தடுத்தவை யாவை? ஓர் எழுத்துப்பிழையும், சில மனிதர்களின் ஐயமும். 2 கோடி டாலர் கொழும்பிலுள்ள ஒரு கணக்குக்குச் சென்றது. பெறுபவரின் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல் தவறாக எழுதப்பட்டிருந்ததை இடையிலிருந்த வங்கி கவனித்துக் கேள்வி எழுப்பியது. இவ்வளவு பெரிய தொகை வருவது வழக்கமன்று என்பது கொழும்பு வங்கியிலும் ஐயத்தை எழுப்பியது. அப்பணம் மீண்டது. மணிலாவிலுள்ள வங்கிக் கிளையின் முகவரியில் 'ஜூபிட்டர்' என்ற சொல் இருந்தது. தடைசெய்யப்பட்ட கப்பல் ஒன்றின் பெயரும் அதுவே. ஆகவே பல கட்டளைகள் மறுபரிசீலனைக்காக நிறுத்தப்பட்டன. எனினும் 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவை அடைந்து, அதிற் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. அக்காலத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டின் கள்ளப் பண ஒழிப்புச் சட்டம் அவ்விடுதிகளைக் கட்டுப்படுத்தவில்லை.

இரண்டு புத்தகங்கள்

இந்நிகழ்ச்சிகளிலிருந்து கிடைக்கும் விதி ஒன்றே. ஒரு வரவுசெலவு ஒன்றுக்கொன்று சார்பற்ற இரண்டு புத்தகங்களில் பதிவாக வேண்டும். அவ்விரண்டையும் ஒருவர் நாள்தோறும் ஒப்பிட வேண்டும். திருடன் ஒரு புத்தகத்தை மாற்றக்கூடும். தன் கைக்கெட்டாத மற்றொன்றை மாற்ற இயலாது. ஆகவேதான் இரண்டும் சந்திப்பதை அவன் தாமதப்படுத்தப் பார்க்கிறான்.

இவ்விதி மீறப்பட்டால், வெளியிலிருந்து எவரும் நுழைய வேண்டியதும் இல்லை. 2018 பிப்ரவரி 14ஆம் தேதி பஞ்சாப் நேஷனல் பாங்க் வெளியிட்ட பெரும் மோசடியில், மும்பைக் கிளை ஒன்றிலிருந்து சென்ற ஸ்விஃப்ட் செய்திகள் வங்கியின் மூலக் கணக்கு அமைப்பில் பதிவாகவே இல்லை. இரு அமைப்புகளும் இணைக்கப்படாமல் தனித்தனியே இயங்கியதே இதற்கு இடமளித்தது. அதன் பின்னர் இவ்விரண்டையும் 2018 ஏப்ரல் 30க்குள் இணைக்குமாறு ரிசர்வ் வங்கி ஆணையிட்டது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி, இரண்டாம் சனிக்கிழமையாகிய விடுமுறை நாளில், புனேயிலுள்ள காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி தாக்குதலுக்கு உள்ளாயிற்று. பணம் வழங்கும் யந்திரம், "இவருக்குப் பணம் கொடுக்கலாமா?" என்று வங்கியைக் கேட்ட பிறகே நோட்டுகளை வெளியிடும். திருடர்கள் வழியிடையே ஒரு போலி அமைப்பை நிறுவி, கேள்வி வங்கியை அடையாதபடி செய்து, "கொடுக்கலாம்" என்று தாங்களே பதிலளித்தனர். 28 நாடுகளில் சில மணி நேரத்திற்குள் சுமார் 78 கோடி ரூபாயும், இந்தியாவில் சுமார் 2.5 கோடி ரூபாயும் எடுக்கப்பட்டன. 13ஆம் தேதி ஸ்விஃப்ட் மூலம் 13.92 கோடி ரூபாய் ஹாங்காங் சென்றது. மொத்த நஷ்டம் 94.42 கோடி ரூபாய். இங்கும் இரண்டாவது புத்தகம் பேசவிடாமல் தடுக்கப்பட்டதைக் காண்கிறோம்.

கடிகாரமும் ஒரு சாட்சி

திருட்டு நடந்தபின் உண்மையை நிலைநாட்ட மற்றொரு கருவி தேவை. அதுவே சரியான நேரம். கும்பகோணத்தில் ஒரு பதிவு, நியூயார்க்கில் ஒரு பதிவு, துபாயில் ஒரு பதிவு என்று இருக்கும்போது, எது முன், எது பின் என்று அறிந்தால்தான் திருடனின் வழியைத் தொடர முடியும். கடிகாரங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் சாட்சியமும் குழம்பும்.

டில்லியில் புசா ரோட்டுக்கு அண்மையில், புசா வளாகப் பகுதியில் தேசிய பௌதிக ஆராய்ச்சிச்சாலை உள்ளது. 1950 ஜனவரி 21இல் திறக்கப்பட்ட இதன் முதல் இயக்குநர் தமிழகத்து விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணன். இந்தியத் திட்ட நேரத்தைப் பேணும் பொறுப்பு இந்நிலையத்தினுடையது. சீசியம் அணு 9,192,631,770 முறை அதிரும் காலமே ஒரு விநாடி. அந்த அளவைக் கொண்டே இங்குள்ள அணுக் கடிகாரங்கள் இயங்குகின்றன. இந்தியக் கணிப்பொறி அவசர உதவிக் குழு 2022 ஏப்ரல் 28இல் விடுத்த உத்தரவின்படி, நிறுவனங்கள் தங்கள் கணிப்பொறிக் கடிகாரங்களை தேசியத் தகவலியல் மையத்தின் நேரத்துடனோ, இவ்வாராய்ச்சிச்சாலையின் நேரத்துடனோ இசைவித்து வைத்தல் வேண்டும். பதிவுகளை 180 நாட்கள் காத்தல் வேண்டும். தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும்.

நம் கையிலுள்ள அச்சுப்பொறி

இவையெல்லாம் பெரிய வங்கிகளின் விஷயம் என்று கிராம ஊழியரும் ஆசிரியரும் ஒதுக்கிவிடுதல் ஆகாது. நம் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அச்சுப்பொறி இருக்கிறது. கணக்கில் பணம் குறைந்தவுடன் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியே அது. திருடன் அதன் வாயையும் அடைக்க முயல்வதுண்டு. நமது எண்ணுக்குப் போலியாக வேறொரு சிம் அட்டையைப் பெற்றுவிட்டால், நமது கைபேசியில் சமிக்ஞை அற்றுப்போகும். ஒருமுறைக் கடவு எண்கள் அவனைச் சென்றடையும். காரணமின்றிக் கைபேசி நெடுநேரம் மௌனமாயின், "டவர் இல்லை" என்று வாளாவிருத்தல் தகாது. வேறொரு கைபேசியிலிருந்து உடனே வங்கியை விசாரிக்க வேண்டும்.

கிராம மக்களுக்கு எடுத்துக்கூற வேண்டியவை சிலவே. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை, கொடுப்பதற்கே தேவை. ஆகவே "பணம் வர ரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்பவன் திருடன். கூலிக்கு ஆசைப்பட்டுத் தம் கணக்கையோ அட்டையையோ அந்நியருக்கு இரவல் தருபவர் திருட்டுக்குத் துணைபோகிறார். வாரம் ஒருமுறையேனும் கணக்குப் புத்தகத்தைச் சரிபார்த்தல் நலம். பணம் பறிபோனால் வெட்கத்தால் மறைத்தல் கூடாது. 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவிக் கரைவதற்குள் அதை நிறுத்த அதுவே வழி.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இவ்விதியைக் கருவி ஏதுமின்றி மாணவர்க்குக் காட்டலாம். ஒருவன் கிளைக் கணக்கையும், மற்றொருவன் தலைமைக் கணக்கையும் எழுதட்டும். மூன்றாமவன் தூதனாக இருந்து, தொகை எழுதிய பத்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கொண்டு செல்லட்டும். வழியில் அவன் 300 என்பதை ரகசியமாக 800 ஆக்கட்டும். இறுதியில் இரு புத்தகங்களையும் கூட்டினால் 500 வேறுபடும், குற்றம் வெளிப்படும். அடுத்த முறை, கணக்கு எழுதுவோர் இருவரும் நேரில் பேசாமல், ஒருவரது மொத்தத்தை மற்றவருக்குத் தூதனே சொல்லட்டும். அவன் பொய் சொல்வான். இருவரும் கணக்குச் சரியென்றே நம்புவர். கும்பகோணத்து அச்சுப்பொறி ஏன் நிறுத்தப்பட்டது என்பது மாணவர்க்கு அப்பொழுது தானே விளங்கும்.

கணிப்பொறிகள் வேகத்தை அளித்துள்ளன. திருடனுக்கும் அவ்வேகம் கிடைத்துள்ளது. ஆனால் வரவேண்டிய தாள் வராதபோது "ஏன் வரவில்லை?" என்று கேட்கும் ஒரு மனிதர் இருக்குமிடத்தில், அவன் வேலை எளிதில் முடிவதில்லை.